கதைக்குள்ள மாட்டிக்கிட்ட வாசகன்: சிரிக்கணும்னா இத படிங்க

சைனீஸ் ஃபேன்டஸி லவ் ஸ்டோரின்னாலே மலை உச்சில வெள்ளை டிரெஸ், ஆயிரம் வருஷ சோகம், ஐம்பது எபிசோடு அழுகைன்னு நெனச்சு ஒதுங்கியே இருக்கவங்க 'தி ஸ்கம் வில்லன்ஸ் செல்ஃப்-சேவிங் சிஸ்டம்'ங்கிற நாவல எடுத்துப் படிச்சுப் பாருங்க. எழுதினவங்க மோ ஷியாங் டோங் ஷியூ, நெட்ஃப்ளிக்ஸ்ல 'தி அன்டேம்ட்' சீரியல் பாத்திருப்பீங்களே, அதோட மூல நாவலும் இவங்களுதுதான். ஆனா இது அதுக்கும் முன்னாடி எழுதினது, முதல் நாவல், அதனால அங்கங்க கரடுமுரடா இருக்கும், காமெடி மட்டும் பிச்சு உதறியிருக்காங்க.

ஷென் யுவான்னு ஒரு பையன். முடிவே இல்லாம நீளுற ஒரு மட்டமான வெப் நாவல காசு கட்டி கடைசி வரைக்கும் படிச்சுட்டு, ரைட்டர வாய்க்கு வந்தபடி திட்டிக்கிட்டே செத்துப் போறான். முழிச்சுப் பாத்தா அதே நாவலுக்குள்ள இருக்கான், அதுவும் ஹீரோவா இல்ல, ஹீரோ லுவோ பிங்ஹேவ கொடுமைப்படுத்தி, கடைசில அவன் கையாலயே கை கால் பிய்க்கப்பட்டு சாகப்போற குரு ஷென் சிங்ச்சியூவா. சரி இப்பலேர்ந்தே அந்தப் பையன்கிட்ட நல்லபடியா இருந்து தப்பிச்சுக்கலாம்னு பாத்தா அதுக்கும் வழியில்ல, மண்டைக்குள்ள வீடியோ கேம் மாதிரி ஒரு சிஸ்டம் உக்காந்துக்கிட்டு வில்லன் மாதிரி நடக்கலன்னா பாயிண்ட் கட்டுங்குது. வெளிய பாத்தா விசிறியால பாதி மூஞ்ச மறைச்சுக்கிட்டு பெரிய ஞானி கணக்கா நிக்கிறாரு, உள்ளுக்குள்ள 'அடப்பாவி ரைட்டர், இந்த சீனுக்கு ஏதாவது லாஜிக் இருக்கா'ன்னு ஓயாம பொலம்பல். அந்த மைண்ட் வாய்ஸுக்காகவே மொத வால்யூம் வாங்கலாம்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது என்னன்னா, கதை மொத்தமும் மனப்பாடமா தெரிஞ்சிருக்கிறதுதான் இவன் கண்ண மறைக்குது. இந்தக் குரு மாதிரி தவம் பண்ற ஆளுக்கு சாப்பாடே தேவையில்ல, ஆனா சிஷ்யன் பிங்ஹே காலைல கஞ்சி வெச்சுக் கொடுத்தா மூக்குப் பிடிக்க சாப்பிடுறாரு, சாப்பிட்டுட்டு 'இந்தக் கைப்பக்குவத்துக்கு வரப்போற பொண்டாட்டிங்க எல்லாம் குடுத்து வெச்சவங்க'ன்னு நெனச்சுக்கிறாரு. ஒரிஜினல் கதைல பிங்ஹேக்கு கணக்கு வழக்கில்லாம பொண்டாட்டிங்க இல்லையா, அதான். அப்புறம் பிங்ஹே வளர்ந்து ஆளாகி, பாதாளத்துலேர்ந்து பயங்கர பவரோட திரும்பி வர்றான், இவரு பழி வாங்கத்தான் வர்றான்னு ஊர் ஊரா தலைதெறிக்க ஓடுறாரு, தப்பிக்கிறதுக்கு ஸ்பேர் உடம்பு ஒண்ணு காளான்லேர்ந்து வளக்கிறாருங்க, சத்தியமா காளான்தான், அவனோ 'ஷிஷுன் (குருன்னு அர்த்தம்) ஏன் என்னப் பாத்தா ஓடுறாரு'ன்னு கண் கலங்கி நிக்கிறான். லவ் டிராக் சூடு பிடிக்கிறது இதுக்கப்புறம்தான். ஆமா, ரெண்டு ஆம்பளைங்களுக்கு நடுவுல நடக்கிற லவ் ஸ்டோரி, சைனால டான்மெய்ங்கிற வகை, அது நமக்கு செட் ஆகாதுன்னா இங்கயே நிறுத்திக்கோங்க.

இன்னொரு ஆள் இருக்கான், ஷாங் சிங்ஹுவா. சின்ன ஸ்பாய்லர்தான், பொறுத்துக்கோங்க. அந்த மட்டமான நாவல எழுதின ரைட்டரே இவன்தான், அவனும் உள்ள வந்து மாட்டியிருக்கான். ஹேட்டர் வாசகனும் ரைட்டரும் நேருக்கு நேர் சந்திச்சு சண்டை போடுற சீன்லாம் தனியா வெச்சுப் படிக்கலாம். வாசகனுங்க கேக்கிற மசாலாவ போட்டாதானே எனக்கு சோறுன்னு அவன் பேசுறப்போ நம்மூர் தொடர்கதை, மெகா சீரியல் சமாச்சாரமெல்லாம் ஞாபகம் வருது.

குறை இல்லாம இல்ல. சிங்ச்சியூ, சிங்ஹுவா, சிங்கே, சிங்யுவான்னு பேரெல்லாம் ஒரே மாதிரி, கொஞ்ச நேரம் தலை சுத்தும், ஆனா புக்ல கேரக்டர் லிஸ்ட்டும் உச்சரிப்பு கைடும் குடுத்திருக்காங்க. பொம்பளை கேரக்டர்ஸ் சப்பைதான், மட்டமான நாவல கிண்டல் பண்றதுக்காக அப்படின்னு சொல்லலாம், எனக்கு அந்த சமாதானம் பத்தல. மூணாவது வால்யூம்ல டோன் திடீர்னு இருட்டாகுது, அங்க வர்ற நெருக்கமான சீன் ஒண்ணு நெறைய பேருக்கு உறுத்தும், எனக்கும் உறுத்துச்சு. பதினெட்டு வயசுக்கு மேல உள்ளவங்களுக்கு மட்டும்தான் இந்த புக்.

இங்கிலீஷ்ல செவன் சீஸ் பப்ளிஷர் 2021 டிசம்பர்லேர்ந்து நாலு வால்யூமா போட்டாங்க, அனிமேஷன் 2020ல பத்து எபிசோடு வந்துச்சு, மெயின் கதை மூணாவது வால்யூம்லயே முடிஞ்சிடும். நாலாவது முழுக்க எக்ஸ்ட்ரா கதைங்க, பட்ஜெட் இடிச்சா அதத்தான் விடணும்னு தோணும், விட்றாதீங்க, ஷாங் சிங்ஹுவாவோட சொந்தக் கதை அதுலதான் இருக்கு.