மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு: குன்னூர் வழியா, கோத்தகிரி வழியா?

மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு ஏற இரண்டு மலைப்பாதைகள் உள்ளன. கல்லாறு, பர்லியார், குன்னூர் வழியாகச் செல்வது தேசிய நெடுஞ்சாலை. குஞ்சப்பனை, அரவேனு, கோத்தகிரி வழியாகச் செல்வது மாநில நெடுஞ்சாலை 15-இன் மலைப்பகுதி. முன்னது ஏறத்தாழ 50 கிலோமீட்டர், பின்னது ஏறத்தாழ 65. தூரத்தை மட்டும் பார்ப்பவர்கள் குன்னூர் வழியை முதன்மைப் பாதை என்றும் கோத்தகிரி வழியை மாற்றுப்பாதை என்றும் சொல்லிவிடுகிறார்கள். கோத்தகிரிக்காரனான எனக்கு அதில் உடன்பாடில்லை.

வயதில் மூத்தது எங்கள் பக்கம்தான். கோவை ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் 1819-இல் மலையேறிய பிறகு, சிறுமுகையிலிருந்து கோத்தகிரிப் பகுதிக்குப் பாதை வெட்ட ஏற்பாடு செய்தார். 1823-இல் அந்த வேலை முடிந்தது. இன்றைய சாலை அந்தப் பழைய தடத்தை அடிக்கு அடி பின்பற்றவில்லை. அடிவாரமே மேட்டுப்பாளையத்துக்கு மாறிவிட்டது. ஆனாலும் கிழக்குச் சரிவைப் பிடித்துக் கோத்தகிரிக்கு ஏறும் போக்கு மாறவில்லை. 1830-களில் குன்னூர்க் கணவாய் திறந்ததும் போக்குவரத்து அங்கே போய்விட்டது. 1871-இல் அங்கே புதிய வண்டிப்பாதையும், 1899-இல் குன்னூர் வரை ரயிலும் வந்தன.

குன்னூர்ப் பாதையின் பலமும் பலவீனமும் இங்கேதான் இருக்கின்றன. ஒரே பள்ளத்தாக்கில் ஆறு, சாலை, ரயில்பாதை மூன்றும் நெருக்கியடித்துக்கொண்டு செல்வதால், மேலே பிடிப்பிழந்த மண் கீழே இருக்கும் எதன் மீதும் வந்து விழலாம். அதற்கு மேல் 14 கொண்டை ஊசி வளைவுகள். நீளமான பேருந்து ஒன்று திரும்பி முடியும் வரை எதிரே வரும் வண்டிகள் காத்து நிற்க வேண்டும். கோத்தகிரிச் சாலையில் அத்தகைய வளைவுகள் குறைவு; வயிற்றைக் குமட்டும் குழந்தைகளோடு வருபவர்களுக்கு அதுவே பெரிய ஆறுதல்.

மழை எந்தப் பக்கத்தையும் விட்டுவைப்பதில்லை. 2009 நவம்பர்ப் பெருமழையில் மாவட்டத்தில் 40-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தபோது கோத்தகிரிப் பக்கமும் தப்பவில்லை. யானைகளும் இரு அடிவாரங்களிலும் சாலையைக் கடக்கின்றன. பலாப்பழக் காலத்தில் குஞ்சப்பனை அருகே, பழம் பிளந்த வாசனை காருக்குள் வரும்போதே ஓட்டுநர் வேகத்தைக் குறைத்துவிடுவார். வளைவுக்கு அப்பால் பெரும்பாலும் யானைக் கூட்டம் நின்றுகொண்டிருக்கும்.

இரு பாதைகளையும் ஒப்பிடுவோர் கவனிக்கத் தவறும் ஒன்று உண்டு. கோடைக்காலத்தில் நெரிசலைத் தவிர்க்க, வண்டிகளைக் குன்னூர் வழியாக ஏறவும் கோத்தகிரி வழியாக இறங்கவும் செய்கிறார்கள். ஏறும் வண்டியை விட இறங்கும் வண்டிதான் ஆபத்தானது. சமவெளி ஓட்டுநர் வளைவு குறைவாக இருப்பதைப் பார்த்துக் கியரைக் குறைக்காமல் பிரேக்கை மட்டும் நம்பி இறங்குகிறார். அரவேனு தாண்டிச் சிறிது தூரத்திலேயே சக்கரத்திலிருந்து கருகிய நாற்றம் கிளம்புகிறது. இறங்கும் சுமை முழுவதையும் தாங்கும் சாலையை மாற்றுப்பாதை என்று அழைப்பது நியாயமல்ல. அப்படி அழைத்தால் பராமரிப்பும் இரண்டாம் இடத்துக்குத்தான் போகும்.

எனவே குன்னூரில் வேலை இருப்பவர்கள் அந்த வழியே செல்லட்டும். உதகைக்கு நேராகச் செல்பவர்கள், குறிப்பாக ஐப்பசி, கார்த்திகை மழையில், கூடுதல் 15 கிலோமீட்டரைப் பொருட்படுத்தாமல், புறப்படும் முன் இரு பாதைகளின் நிலையையும் விசாரித்துவிட்டு, திறந்திருந்தால் கோத்தகிரி வழியைத் தேர்ந்தெடுக்கலாம் என்பேன். அதே சமயம், இந்தச் சாலையை அகலப்படுத்துகிறோம் என்று சரிவை மேலும் வெட்டுவதில் எனக்கு விருப்பமில்லை. மலைப்பக்க வடிகால்களில் அடைத்திருக்கும் சருகையும் மண்ணையும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே அள்ளுவதும், இறக்கத்தில் இரண்டாவது கியரில் வரச் சொல்லும் பலகைகளை அரவேனுவிலிருந்தே வைப்பதும்தான் முதலில் ஆக வேண்டிய வேலைகள்.