தனி ஊசல் செய்முறைப் பெட்டி: குண்டுகள் அருமை, கையேடு மோசம்

கொழிஞ்சாம்பாறையில் தமிழ்வழியில் படிக்கும் உயர்நிலை வகுப்புப் பிள்ளைகளுக்காகப் பாலக்காட்டுக் கடை ஒன்றில் இந்தப் பெட்டியை வாங்கினேன். நூலில் தொங்கும் குண்டை, அதாவது தனி ஊசலை, ஆடவிட்டு, அதன் நீளத்தையும் ஒருமுறை போய்வர எடுக்கும் நேரத்தையும் (அலைவு நேரம்) அளந்து புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிடுவதற்கானது இது. ஒரே விட்டமுள்ள பித்தளை, இரும்பு, மரக் குண்டுகள், நூல், ஸ்டாண்டு, மீட்டர் அளவுகோல், வெர்னியர் அளவி, ஸ்டாப்வாட்ச் ஆகியவை உள்ளே இருக்கின்றன.

கொடுத்த பணம் அந்த மூன்று குண்டுகளுக்கே தகும். விட்டம் ஒன்றாக இருப்பதால் குண்டை மாற்றினாலும் ஊசலின் நீளம் மாறுவதில்லை. நிறை மட்டுமே மாறுகிறது. ஒரு மாறியை மட்டும் மாற்றி மற்றவற்றை அப்படியே நிறுத்திவைப்பது எப்படி என்பதைப் பிள்ளைகள் கைப்படச் செய்தே புரிந்துகொள்கிறார்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் மாதங்களில் மட்டும் சன்னலைச் சாத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் எடை குறைந்த மரக்குண்டு நேராக ஆடாமல் வட்டமடிக்கத் தொடங்கிவிடும்.

ஸ்டாப்வாட்ச் நொடியில் நூறில் ஒரு பங்கைக் காட்டுகிறது; அதை அழுத்தும் விரலோ 0.2 நொடி வரை முந்தும், பிந்தும். ஆகவே 20 அலைவுகளுக்கு நேரம் எடுத்து வகுக்கச் சொல்லும் கையேட்டின் குறிப்பு சரியானதே, பிழை 0.01 நொடியாக இறங்கிவிடுகிறது. வெர்னியர் அளவியில் சுழிப்பிழை (மூடியிருக்கும்போதே சுழியைக் காட்டாமல் விலகி நிற்பது) இருந்தது, கழித்துக்கொண்டால் போதும்.

நீளத்தை அளக்கும் இடத்தில்தான் கையேடு கவிழ்க்கிறது. குண்டின் கொக்கி வரை அளந்தால் போதும் என்கிறது. அளக்க வேண்டியது குண்டின் மையம் வரை; மையமோ கொக்கிக்கும் 1.5 செ.மீ. கீழே இருக்கிறது. 50 செ.மீ. ஊசலை 48.5 என்று கொண்டால், புவியீர்ப்பு முடுக்கம் 9.78 மீ/நொடி²க்குப் பதிலாக 9.49 என்று வரும். எத்தனை முறை அளந்து சராசரி எடுத்தாலும் ஒவ்வொரு முறையும் ஒரே பக்கமாக வரும் இந்த முறைசார் பிழை அசையாது. நீளத்துக்கு எதிராக அலைவு நேரத்தின் இருமடியை வரைந்து பார்த்தால், கோடு ஆதிப்புள்ளி வழியே செல்லாமல் விலகி நின்று பிழையைக் காட்டிக்கொடுத்துவிடும். சாய்வு மாறாது என்பதால் அதிலிருந்து சரியான மதிப்பும் கிடைத்துவிடும். இந்த வரைபடத்தைப் பற்றிக் கையேட்டில் ஒரு வரிகூட இல்லை. போதாக்குறைக்கு, விடை 9.81 வராவிட்டால் தவறு என்றும் அது சொல்கிறது. பாலக்காட்டின் அகலக்கோட்டில் உண்மை மதிப்பே 9.78தான்.

கையேடு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே இருப்பதால், இங்குள்ள ஆசிரியர் எப்படியும் தமிழில் குறிப்பு எழுதித்தான் ஆக வேண்டும். அதில் மையம் வரை அளக்கச் சொல்லிவிடலாம். அல்லது, என் விருப்பம் இதுதான், முதல் நாள் கொக்கி வரையே அளக்கவிட்டு, மறுநாள் வரைபடத்தாளைக் கையில் கொடுக்கலாம்.