மூன்றடுக்கு மாவுப்புழுப் பெட்டி: வலைத்தட்டு அருமை, அட்டையில் போட்டிருப்பது புளுகு

ஓய்வு பெறும்வரை தானியக் கிடங்கில் இருப்புக் கணக்குப் பார்த்த ஆள் நான். ஈரம் கண்ட மூலையில், பழைய தவிட்டு மூட்டைக்கு அடியில் ஒரு கறுப்பு வண்டு ஓடினாலே எங்களுக்கு அன்று நல்ல பொழுது இல்லை. இப்போது அதே வண்டைக் காசு கொடுத்து வாங்கி, அடியில் சூட்டுத் தகடு வைத்து வளர்த்துக்கொண்டிருக்கிறேன். மாவுப்புழு என்பது அந்த வண்டின் குஞ்சுதான். எல்லாம் கொல்லையில் திரியும் எட்டுக் கோழிகளுக்காக.

நான் வாங்கியது இணையத்தில் ‘தொடக்கப் பெட்டி’ என்று விற்கிற மூன்றடுக்கு அமைப்பு. விற்பவர் பெயர் இங்கே வேண்டாம். கிட்டத்தட்ட இதே அமைப்பைப் பல பேர் விற்கிறார்கள். மூன்று இழுப்புத் தட்டுகள், 500 உயிருள்ள புழுக்கள், ஒரு பை கோதுமைத் தவிடு, ஒரு சல்லடை, ஒரு சூட்டுத் தகடு, நீரில் ஊறும் படிக உருண்டைகள், ஒரு கையேடு. அட்டைப்பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் ‘தீவனச் செலவு இனி பாதி’ என்று போட்டிருந்தது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். மேல் தட்டின் அடிப்பாகம் முழுக்கத் துருப்பிடிக்காத கம்பி வலை. வண்டுகள் அதில் இருக்கும். அவை இடும் முட்டையும், பொரித்து வரும் நூல் போன்ற குஞ்சுப்புழுவும் தவிட்டோடு வலை வழியாகக் கீழ்த் தட்டில் விழுந்துவிடும். இது ஏன் பெரிய விஷயம் என்றால், இந்த வண்டுக்குத் தன் முட்டை, பிறர் முட்டை என்ற பேதமே கிடையாது. கிடைத்தால் தின்றுவிடும். புழுவுக்கும் வண்டுக்கும் நடுவில் வரும் கூட்டுப்புழு பாடு அதைவிட மோசம். கூட்டுப்புழுவால் ஓடவும் முடியாது, கடிக்கவும் முடியாது. வண்டும் பெரிய புழுக்களும் அதன் வயிற்றோரத்தில் ஓட்டை போட்டுவிடும். எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் போட்டு வளர்ப்பவர்களுக்கு ‘பெருகவே மாட்டேன் என்கிறது’ என்ற குறை வருவது பெரும்பாலும் இதனால்தான்.

வலைக்கண் அளவு சரியாக இருக்கிறது. முட்டை ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் நீளம்தான், ஆனால் பிசுபிசுப்பானது. தவிட்டுத் துகள் ஒட்டிக்கொள்வதால் கண்ணுக்கே தெரியாது. வலைக்கண் ரொம்பப் பொடியாக இருந்தால் அது மேலேயே தங்கி வண்டுக்கு இரையாகிவிடும். இந்தத் தட்டில் தவிட்டை விரலால் லேசாக அளைந்துவிட்டாலே கீழே இறங்கிவிடுகிறது. வாரம் ஒருமுறை அளைந்தால் போதும். வடிவமைத்தவர் வண்டு வளர்த்துப் பார்த்தவர் என்று இந்த ஒரு தட்டிலேயே தெரிகிறது.

கையேட்டை எழுதியவர் அந்த ஆள் இல்லை. ‘ஆறு வாரத்தில் முதல் அறுவடை’ என்கிறார். கணக்கைப் பாருங்கள். முட்டை பொரிக்கவே ஒன்றிரண்டு வாரம். புழு கோழிக்குப் போடும் அளவுக்கு, அதாவது ஓர் அங்குல நீளத்துக்கு வர, 25 முதல் 28 டிகிரி சூட்டிலும் எட்டு, பத்து வாரம் ஆகும். குளிர்ந்தால் இன்னும் இழுக்கும். அப்புறம் கூட்டுப்புழுவாக ஒன்று முதல் மூன்று வாரம். வண்டாகி முட்டையிட ஆரம்பிக்க மேலும் ஒன்றிரண்டு வாரம். வாங்கி வந்த புழுவிலிருந்து அடுத்த தலைமுறைப் புழு கைக்கு வர மூன்று, நான்கு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கையேட்டை நம்பி ஆறாவது வாரம் அள்ளிப் போட்டால், நீங்கள் கோழிக்குக் கொடுப்பது அறுவடையை இல்லை, விதையை. முதல் 500-ல் ஒன்றையும் தொடாமல் அத்தனையையும் வண்டாக விடுவதுதான் புத்திசாலித்தனம்.

காத்திருக்கும் நாட்களில் வேடிக்கை பார்க்க நிறைய இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். கூட்டுப்புழு பாலேடு நிறத்தில், காலும் கொம்பும் மார்போடு மடிந்து, அசையாமல் கிடக்கும். விரலால் தொட்டால் வயிற்றை மட்டும் வெடுக்கென்று சுழற்றும். அதிலிருந்து வெளிவரும் வண்டு கறுப்பு இல்லை, வெள்ளை. தலைப் பக்கம் மட்டும் செம்மண் சாயல். பிறகு பழுப்பாகி, செம்பழுப்பாகி, சில நாளில் நாம் அறிந்த கறுப்புக்கு வந்து சேரும். புழுவிலும் அவ்வப்போது பளிச்சென்று வெள்ளையாக ஒன்று தெரியும். நோய் என்று பயப்பட வேண்டாம், இப்போதுதான் தோல் உரித்திருக்கிறது. அந்த நேரத்தில் உடம்பு மெத்தென்று இருக்கும். கோழிக்குஞ்சுகளுக்குப் போடுவதென்றால் நான் அதைத்தான் தேடி எடுப்பேன்.

குறைகளுக்கு வருவோம். வழவழப்பான பிளாஸ்டிக்கில் புழுவும் ஏறாது, வண்டும் ஏறாது. மூடி இல்லாமலேயே வளர்க்கலாம். ஆனால் இந்த நிறுவனம் தட்டின் உட்சுவரில் ஒரு காகித ஒட்டியை, அதுவும் ‘பராமரிப்புக் குறிப்புகள்’ என்று, ஒட்டி அனுப்பியிருக்கிறது! காகித விளிம்பு காலுக்குப் பிடி கொடுத்தால் போதாதா? அது வழியாக ஏறி, தட்டின் விளிம்பில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. வாங்கினால் முதல் வேலையாக அதை உரித்துவிட்டு, பசையையும் எண்ணெய் தொட்டுத் துடைத்துவிடுங்கள்.

அடுத்தது காற்று. மூடியில் ஊசித் துளை அளவில் நான்கைந்து ஓட்டை. கீழே சூட்டுத் தகடு, உள்ளே கேரட், மேலே மூடி என்றால் வியர்க்காமல் என்ன செய்யும்? மூடியின் உட்புறம் நீர் கோத்து, சொட்டி, தவிடு கட்டியாகும். பூஞ்சணம் வரும், அதன் பின்னாலேயே பேன் வரும், அதாவது தானியத்தில் பிடிக்கும் பொடிச் சிற்றுண்ணி. தட்டுச் சுவரில் வெளிர்பழுப்பாக ஒரு தூசுப் படலம் படிந்து, உற்றுப் பார்த்தால் அந்தத் தூசே நகர்கிறது என்றால் அதுதான். கிடங்கு நாட்களிலிருந்தே எனக்கு அதன் வாடை தெரியும். மூடியில் உள்ளங்கை அகலத்துக்கு வெட்டி எடுத்துவிட்டு உலோக வலை ஒட்டிய பிறகு அந்தத் தொல்லை இல்லை.

கூட வந்த தவிட்டைப் பற்றி ஒரு வார்த்தை. தவிட்டை அள்ளி மோந்து பார்த்தாலே அதன் வயது தெரியும். வந்தது சிக்கு வாடை அடித்த பழைய சரக்கு. புதுத் தவிடு வாங்கி, சில நாள் உறைபெட்டியில் வைத்து எடுத்து, அறைச் சூட்டுக்கு வந்து உலர்ந்த பிறகு போட்டேன். உறையவைப்பது அதில் ஏற்கெனவே இருக்கக்கூடிய அந்துப்பூச்சி, பேன் இவற்றைத் தீர்ப்பதற்காக. இந்தப் படி கையேட்டில் இல்லவே இல்லை. எப்படி விட்டார்கள் என்று தெரியவில்லை, பாதிப் பிரச்சினை இதிலேயே ஒழிந்துவிடும்.

நீர்ப்படிக உருண்டைகள் கெடுதல் இல்லை, ஆனால் அவசியமும் இல்லை. தண்ணீர்க் கிண்ணம் வைத்தால் விழுந்து செத்துப்போகும் என்பதால் இந்த ஏற்பாடு. ஒரு துண்டு கேரட் அதே வேலையைச் செய்யும், சாப்பாடாகவும் ஆகும். நேராகத் தவிட்டின் மேல் வைக்காமல் ஒரு சின்ன பாட்டில் மூடியில் வைத்தால் அடியில் ஈரம் இறங்காது. வைத்த சற்று நேரத்தில் மொய்க்கும். மறுநாள் மிச்சத்தை எடுத்துவிட வேண்டும்.

சூட்டுத் தகடு ஒழுங்காக வேலை செய்கிறது. ஆனால் குளிர்காலத்துக்குக் கையேடு தரும் யோசனை ஒன்று இருக்கிறது: பெட்டி வந்த தெர்மாகோல் உறையிலேயே தட்டுகளை இறக்கி வைக்கச் சொல்கிறது. மாவுப்புழு தெர்மாகோலைத் தின்னும் என்று 2015-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகமும் சீனாவின் பெய்ஹாங் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஆய்வறிக்கையே வெளியிட்டிருக்கின்றன. தட்டிலிருந்து நழுவியது தெர்மாகோலைக் குடைந்து உட்கார்ந்துகொள்ளும். குப்பைப் பிரச்சினைக்கு அது நல்ல சேதியாக இருக்கலாம்; அதைத் தின்ற புழுவை என் கோழிக்குப் போட எனக்கு மனம் இல்லை.

இனி அந்தக் கொட்டை எழுத்து. முட்டையிடும் கோழி ஒன்று நாளுக்குச் சுமார் 110, 120 கிராம் தீவனம் எடுக்கும். எட்டுக் கோழிக்கு 900 கிராமுக்கு மேல். நன்றாக வளர்ந்த மாவுப்புழு ஒன்றின் எடை ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு, அல்லது சற்றுக் கூட. கோழிக்குப் பத்துப் புழு என்று தாராளமாகப் போட்டாலும் எட்டுக்கும் சேர்த்து 80 புழு, பத்து கிராம்கூட வராது. தீவனத்தில் நூற்றில் ஒரு பங்கு. பாதி எங்கே, ஒன்று எங்கே? அந்த 80-ஐயும் தினமும் எடுப்பதென்றால் மாதம் 2,400 புழு வேண்டும். பெண் வண்டு தன் இரண்டு மூன்று மாத ஆயுளில் சில நூறு முட்டைகள் இடும். அத்தனையும் புழுவாகிப் பிழைப்பதில்லை. இந்தப் பெட்டியை நிரப்பிப் பராமரித்தால் மாதம் 2,400 எட்டக்கூடியதுதான். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

இன்னொரு கணக்கும் உண்டு. ஒரு கிலோ உயிர்ப்புழு விளைய இரண்டு கிலோவுக்கு மேல் தீனி உள்ளே போக வேண்டும். விளைந்த ஒரு கிலோவில் 600 கிராமுக்கு மேல் வெறும் தண்ணீர். தவிட்டைக் கோழிக்கே கொடுத்துவிட்டுப் போகலாமே என்று கேட்டால் செலவுக் கணக்கில் அது நியாயமான கேள்வி.

பிறகு ஏன் வளர்க்கிறேன்? உலர்ந்த எடையில் பாதி புரதம், கால்வாசிக்கு மேல் கொழுப்பு. தவிட்டில் அது கிடைக்காது. இறகு உதிர்க்கும் பருவத்தில் கோழிக்கு அது தேவை, ஏனென்றால் இறகின் பெரும்பகுதி புரதம்தான். முட்டை நின்று, கழுத்தில் முள் முள்ளாகப் புது இறகு முளைத்து, தொட்டாலே சிணுங்கும் அந்த வாரங்களில் நான் அளவைக் கொஞ்சம் கூட்டுவேன். புதிதாக வந்து மிரண்டு நிற்கும் கோழியைப் பழக்கவும் இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. எங்கள் கூட்டத்தில் ஒரு சாம்பல் நிறப் பெட்டை, கையில் எதைக் கொடுத்தாலும் பின்வாங்குவாள். புழுவைத் தகர டப்பாவில் போட்டுக் குலுக்கினேன். காய்ந்த கால்கள் தகரத்தில் உரசும் அந்த ஓசைக்குக் கழுத்தை நீட்டினாள். இப்போது டப்பாவை எடுத்தாலே மற்றவர்களைத் தள்ளிக்கொண்டு முதல் ஆளாக நிற்கிறாள். சாயங்காலம் கூண்டில் அடைக்க ஓடித் திரிய வேண்டியதில்லை.

ஆனால் இதையே தீவனமாக்க முடியாது. முட்டைக்கோழித் தீவனத்தில் நூற்றுக்கு மூன்றரை, நான்கு பங்கு கால்சியம் இருக்க வேண்டும். மாவுப்புழுவில் கால்சியம் மிகக் குறைவு, பாஸ்பரஸ் பல மடங்கு அதிகம். இதை நிறையப் போட்டு நல்ல தீவனத்தைக் குறைத்தால் ஓடு மெலிந்த முட்டைதான் மிச்சம். கிளிஞ்சல் தூள் தனிக் கிண்ணத்தில் எப்போதும் இருக்கட்டும். கையேட்டில் இது ஒரு வரி, அதுவும் கடைசிப் பக்கத்தில்.

விதை தீர்ந்துவிட்டதென்று கோழிக்கூண்டுக் கூளத்தில் ஓடும் சின்னக் கறுவண்டைப் பிடித்துத் தட்டில் விடாதீர்கள். அது சொந்தக்கார இனம், அளவில் பாதிகூட இருக்காது. சால்மொனெல்லா போன்ற கிருமிகளைக் கூண்டுக்குக் கூண்டு கடத்துவதில் பேர்போனது.

மூன்றாவது தட்டில் சேர்வது புழுக்களின் எச்சம். மணல் போலப் பொடியாக இருக்கும், வாடை அதிகம் இல்லை. செடிக்கு நல்ல உரம். ஆனால் சலிக்கும்போது கிளம்பும் தூசியைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். மூச்சிரைப்பு உள்ளவர்களுக்கு அது ஒத்துக்கொள்ளாது. இறால், நண்டு ஒவ்வாமை இருப்பவர்களுக்கு இந்தப் பூச்சியும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். நான் முகக்கவசம் போட்டு, வெளியில் காற்று போகும் திசை பார்த்து நின்று சலிக்கிறேன். கூட வந்த சல்லடை பெரிய புழுவைப் பிரிக்க மட்டும் உதவும். எச்சத்தைப் பிரிக்க அதைவிடப் பொடியான ஒன்றை நான் தனியாக வாங்க வேண்டியிருந்தது.

நான்கைந்து கோழி வைத்திருந்து, நோண்டிப் பார்க்கும் ஆசையும் பொறுமையும் இருந்தால் வாங்கலாம். தீவனக் கடைக்கு முழுக்குப் போடலாம் என்ற நினைப்பில் இருந்தால் வேண்டாம். கையில் துளைக்கருவியும் ஒரு முழம் கம்பி வலையும் இருப்பவர்கள் மூன்று வழவழப்பான பிளாஸ்டிக் டப்பாக்களில் இதையே அமைத்துக்கொள்ளலாம். வலையை மட்டும் விளிம்பில் பிசிறு இல்லாமல் ஒட்ட வேண்டும், இல்லாவிட்டால் வண்டு அந்த இடுக்கில் புகுந்துகொள்ளும். அந்த வேலை கைவராதவர்களுக்கு ஒரு சேதி: கேட்டால் வலைத்தட்டை மட்டும் தனியாகவும் அனுப்புகிறார்கள். நான் இரண்டாவதாக ஒன்று சொல்லியிருக்கிறேன், ஒட்டி இல்லாமல் அனுப்பச் சொல்லி.