விக்டோரியா ஸ்திரீட் நூலகமும் எங்கள் பேட்டைக் கிளைகளும்

ஊரிலிருந்து யாராவது சிங்கப்பூர் வந்தால், மெரினா பே பக்கம் போவதற்கு முன்னால் விக்டோரியா ஸ்திரீட்டில் இருக்கும் தேசிய நூலகத்துக்குத்தான் கூட்டிப்போவேன். சிலர் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை. 2005-ல் திறந்த 16 மாடிக் கட்டடம், மலேசியக் கட்டடக்கலைஞர் கென் யாங் வடிவமைத்தது. வெளிச்சம் தாராளமாக வரும், ஆனால் வெயில் சுடாது. அடித்தளத்தில் பொது நூலகம், அங்கே இரவல் எடுக்கலாம். 7-ஆம் மாடியிலிருந்து மேலே லீ கோங் சியான் மேற்கோள் (ரெஃபரன்ஸ்) நூலகம், அங்கே உட்கார்ந்துதான் படிக்க வேண்டும், புத்தகத்தை வெளியே விடமாட்டார்கள்.

அந்தப் பெயருக்காகவே மேலே ஒருமுறை போகலாம். லீ கோங் சியான் ரப்பர் வியாபாரத்தில் பெரிய ஆள். 1953-ல் நூலகம் கட்ட 375,000 வெள்ளி (டாலரை இங்கே அப்படித்தான் சொல்வோம்) தர முன்வந்தார், ஆனால் நிபந்தனையோடு: எல்லாருக்கும் இலவசமாக இருக்க வேண்டும், இங்குள்ள மக்களின் மொழிகளிலும் புத்தகம் இருக்க வேண்டும். அதுவரை இருந்த ராஃபிள்ஸ் நூலகம் சந்தா கட்டுகிறவர்களுக்கும் ஆங்கிலம் படிக்கிறவர்களுக்குமான இடம். தமிழ் அலமாரி முன்னால் நிற்கும்போது எனக்கு அந்த நிபந்தனைதான் ஞாபகம் வரும், காசு கொடுக்கிறவர் பெயர்ப் பலகையோடு திருப்தி அடைந்திருந்தால் நம் பாடு என்ன ஆகியிருக்கும்?

அந்தப் பணத்தையும் சேர்த்துக் கட்டிய செங்கல் கட்டடம் 1960 நவம்பரில் ஸ்டாம்ஃபர்ட் ரோட்டில் திறந்தது. மக்கள் எவ்வளவோ எதிர்ப்புத் தெரிவித்தும், ஃபோர்ட் கேனிங் சுரங்கச் சாலைக்காக 2004-ல் இடித்துவிட்டார்கள். வாசல் தூண்கள் இரண்டு மட்டும் மிச்சம். அந்த வழியாகப் போனால் பாருங்கள், நூலகம் இல்லாத நூலக வாசல்.

சரி, கிளைகளுக்கு வருகிறேன், என் ஓட்டு இவற்றுக்குத்தான். முதல் முழுநேரக் கிளை குவீன்ஸ்டவுனில் 1970 ஏப்ரலில் வந்தது, அன்றைய பிரதமர் லீ குவான் இயூ திறந்துவைத்தார். அடுக்குமாடி வீடுகளுக்கு நடுவில், மீன், காய்கறி விற்கும் ஈரச்சந்தைக்குப் போகிற தூரத்தில் ஒரு நூலகம் என்பது அன்றைக்குப் புது விஷயம். அப்புறம் 1974-ல் தோ பாயோ, 1985-ல் அங் மோ கியோவும் பிடோக்கும், 1994-ல் தெம்பனிஸில் முதல் வட்டார நூலகம், பிறகு கடைத்தொகுதிகளுக்குள்ளேயே கிளைகள். மீன் வாங்கப் போன அம்மா கையில் நாவலோடு திரும்புவது எங்கள் வீட்டில் சகஜம். எந்தக் கிளையில் எடுத்தாலும் எந்தக் கிளையிலும் போடலாம், இரவு பதினோரு மணிக்குக்கூட வெளியே இருக்கும் பெட்டியில் தள்ளிவிட்டு வரலாம், இந்த ஒரு வசதிக்கே முழு மதிப்பெண் கொடுப்பேன்.

குறை இல்லாமலா? ஒரு கிளையில், பெயர் வேண்டாம், மூன்று பாக நாவலில் இரண்டாம் பாகம் மட்டும் அலமாரியில் உட்கார்ந்திருந்தது. முதல் பாகத்தை வேறு கிளையிலிருந்து முன்பதிவு செய்து வரவழைப்பதற்குள் இரண்டாம் பாகத்தை யாரோ கொண்டுபோய்விட்டார்கள். தமிழ்ப் புத்தகம் தேடுகிறவர்கள் முதலில் அங் மோ கியோ போங்கள், என் அனுபவத்தில் அங்கேதான் ஏமாற்றம் குறைவு. வீட்டிலிருந்தே படிக்க நினைத்தால், 1965 முதல் 2015 வரை சிங்கப்பூரில் வெளிவந்த தமிழ் இலக்கிய நூல்கள் சுமார் 350-ஐ மின்வடிவமாக்கி வைத்திருக்கிறார்கள், இங்குள்ள தமிழ் நாளிதழான தமிழ் முரசின் பழைய இதழ்களும் இணையத்தில் கிடைக்கும். அதில் ஒருநாள் இறங்கினால் அன்றைக்குச் சமையல் கிடையாது.

விக்டோரியா ஸ்திரீட்டுக்குத் தேர்வுக் காலத்தில் போகாதீர்கள், மாணவர்கள் காலையிலேயே இடம் பிடித்துவிடுவார்கள். மேல் மாடிக்குப் போவதானால் ஒரு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள், குளிர் அடிக்கும்.