ராணுவ நிர்வாகமா, கம்பெனி நிர்வாகமா?

"ராணுவம் மாதிரி நடத்தினால் எந்தக் கம்பெனியும் உருப்படும்" என்பார் ஒருவர். "அங்கே ஆகிற வீண்செலவு தனியாரிடம் ஆனால் கடையை மூட வேண்டியதுதான்" என்பார் இன்னொருவர். 1990-91 வளைகுடாப் போரில் அமெரிக்க ராணுவம் சரக்கைக் கையாண்ட விதத்தையும், அதே காலத்து அமெரிக்கக் கடைச் சங்கிலியான வால்மார்ட்டையும் எதிரெதிரே வைத்துப் பார்க்கலாம்.

சரக்குக் கணக்கு
ராணுவம்: சுமார் 40,000 கண்டெய்னர்கள் போயின. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் பாதிக்கு மேல் திறந்து பார்க்க வேண்டியதாயிற்று. கேட்ட சாமான் வந்ததா என்றே தெரியாததால், அதையே மறுபடி கேட்டு எழுதிய பிரிவுகளும் உண்டு.
வால்மார்ட்: பில் போடும்போதே பார்கோடு. 1987 முதல் சொந்தச் செயற்கைக்கோள் வலையமைப்பு. எந்தக் கடையில் எது விற்றது என்பது தலைமையகத்துக்கு அன்றன்றே தெரியும்.

வேகம்
ராணுவம்: சில மாதங்களில் ஐந்து லட்சம் பேரைப் பாலைவனத்தில் இறக்கிச் சோறும் போட்டது.
வால்மார்ட்: கடை கடையாகத்தான் வளர முடிந்தது.

செலவு
சிக்கனம் தனியாரிடம்தான், சந்தேகமில்லை. ஆனால் கடையில் சரக்கு தீர்ந்தால் ஒரு வியாபாரம் போகும். போர்முனையில் தீர்ந்தால் உயிர் போகும். கூடுதலாகக் குவித்ததை எல்லாம் வீண் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆள்
அந்தச் சரக்கு வேலையை நடத்திய ஜெனரல் பகோனிஸை 1993-இல் சியர்ஸ் என்ற அமெரிக்கக் கடை நிறுவனம் வேலைக்கு எடுத்துக்கொண்டது. அப்புறம் ராணுவமும் கண்டெய்னர்களில், திறக்காமலே உள்ளே இருப்பதைச் சொல்லும் ரேடியோ அட்டை மாட்டக் கற்றுக்கொண்டது.

சரி, எது யாருக்கு? தினமும் ஒரே வேலை, லாபமும் கொஞ்சம் என்றால் கம்பெனி முறை. நாளை என்ன வரும் என்று தெரியாத, தவறினால் ஆள் சாகிற வேலைக்கு ராணுவ முறை. கணக்கெழுத மட்டும் வால்மார்ட் ஆளை வைத்துக்கொள்ளலாம்.