பிஎச்டி விண்ணப்பம் போட்ட ஜெராக்ஸ் கடை

காரைக்குடியில இயற்பியல் பிஎச்டிக்கு விண்ணப்பிக்கிறவங்க செக்காலை ரோட்டுப் பக்கம் இருக்கிற இந்தச் சின்ன பிரவுசிங் சென்டருக்குத் தயங்காமப் போகலாம். ரெண்டு வருஷமா நான் இங்கேதான் போறேன். போன வருஷம் பிஎச்டிக்கான ஜெஸ்ட் நுழைவுத் தேர்வு எழுதி, நேர்முகம் வரைக்கும் போய், பெர்டர்பேஷன் தியரிங்கிற தோராயக் கணக்கு முறையில தடுமாறிட்டேன். கிடைக்கலைங்கிற மெயிலை இந்தக் கடை நாற்காலியிலதான் படிச்சேன். கடைக்கார ஆச்சி ஒண்ணும் கேக்கல; டீ வரவழைச்சுக் குடுத்தாங்க.

இந்த வருஷம் கடைசி நாள் ராத்திரி, என் கையெழுத்துப் படம் ஏறவே மாட்டேன்னுடுச்சு. "வெள்ளைத்தாள்ல கறுப்பு மையில போடு ஆத்தா"ன்னு நாலு தடவை ஸ்கேன் பண்ணி, ஓரம் வெட்டி, ஏத்திட்டுத்தான் ஷட்டரை இறக்குனாங்க. கலர் பிரிண்ட் மட்டும் விலை கூட. சென்னை தரமணி கணித அறிவியல் நிறுவனத்துல இயற்பியல் பிஎச்டி நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருக்காங்க. அந்தக் கடிதத்தையும் ஆச்சிகிட்டதான் பிரிண்ட் எடுத்தேன்.