சினை நிற்காத கறவை மாடு: மறுபடியும் ஊசியா, காளையா, ஹார்மோனா?

வேலூர்ப் பக்கத்தில் மாடு வைத்திருப்பவர்கள் "மாடு நிக்கல" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். அந்த ஒரு சொல்லுக்குள் வெவ்வேறான இரண்டு கோளாறுகள் ஒளிந்திருக்கின்றன. கன்று ஈன்று மூன்று மாதங்களாகியும் பருவத்துக்கே வராத மாடு ஒன்று. இருபத்தோரு நாளுக்கொரு முறை தவறாமல் பருவத்துக்கு வந்து கத்தி, மூன்று சினை ஊசிக்கு (செயற்கைக் கருவூட்டலுக்கு) மேல் போட்டும் சினை தங்காத மாடு மற்றொன்று. முன்னதற்குப் பயன்படும் வழி பின்னதற்குப் பெரும்பாலும் வீண். ஆகவே நம் முன் உள்ள வழிகளை ஒப்பிடுவதற்கு முன்னால், நம் மாடு இவ்விரண்டில் எந்த வகை என்பதைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.

எல்லோரும் முதலில் நாடுவது மறுபடியும் சினை ஊசி போடுவதைத்தான். உறைவிந்தைக் குறை சொல்வதும் அதே வேகத்தில் நடக்கும். ஆனால் விந்தைவிட நேரமே பெரும்பாலும் பிழைக்கிறது. மாட்டின் சினைப்பருவம் சுமார் 12 முதல் 18 மணி நேரமே நீடிக்கும். அது அடங்கிய பிறகு ஏறத்தாழ 10 முதல் 12 மணி நேரம் கழித்துத்தான் கருமுட்டை வெளிப்படும். காலையில் பருவ அறிகுறி தெரிந்தால் அன்று மாலையும், மாலையில் தெரிந்தால் மறுநாள் காலையும் ஊசி போட வேண்டும் என்ற விதி இதிலிருந்தே பிறந்தது.

அணைக்கட்டு என்ற ஊர்ப் பக்கத்தில் எங்கள் வீட்டில் நின்ற கலப்பின ஜெர்சி, இரண்டாம் ஈற்றுக்குப் பிறகு நான்கு ஊசிகளை வாங்கிக்கொண்டது. மூன்றாவது முறை அது விடியற்காலை நான்கு மணிக்கே கத்தியது. நாங்கள் சொல்லியனுப்பி, ஊசி போடுபவர் வந்தது மறுநாள் நண்பகலில். அதற்குள் வாலில் ஒட்டியிருந்த வழும்பு (பருவத்தில் பிறப்புறுப்பிலிருந்து வழியும் திரவம்) காய்ந்து பொருக்காகிவிட்டது. நைட்ரஜன் கலனிலிருந்து எடுத்த விந்துக் குச்சியை 37 டிகிரி வெந்நீரில் அரை நிமிடம் வைப்பதுதான் முறை. அவர் உள்ளங்கைகளுக்கிடையில் உருட்டிவிட்டு ஏற்றினார். நான்காவது முறை வந்த வழும்பைக் கையில் ஏந்தி வெளிச்சத்தில் பார்த்தேன். கண்ணாடி போல் தெளிவாக இருக்க வேண்டியதில் வெண்ணிறத் துணுக்குகள் மிதந்தன. கருப்பை உட்சுவரில் அழற்சி உண்டு என்பதற்கு அது போதுமான அடையாளம். அந்நிலையில் உலகின் சிறந்த காளையின் விந்தை வைத்தாலும் கரு தங்காது. கால்நடை மருத்துவர் கருப்பைக்கு மருந்து செலுத்தி, ஒரு பருவத்தை ஊசியின்றி விடச் சொன்னார். அதற்கடுத்த பருவத்தில் சினை நின்றது. ஆக, ஊசிதான் சிறந்த வழி என்பது என் முடிவு. ஆனால் மூன்று முறை தோற்றபின் கருப்பையைப் பரிசோதிக்காமல் போடும் நான்காவது ஊசியை நான் வழியென்றே எண்ணுவதில்லை.

காளைக்கு விடுவதில் ஒரு நன்மை உண்டு. மனிதன் கவனிக்கத் தவறும் நள்ளிரவுப் பருவத்தையும் காளை கண்டுபிடித்துவிடும். வேலூர்க் கோடையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது மாடு கத்தாமலும் மற்ற மாட்டின்மேல் தாவாமலும் பருவத்தைக் கடந்துவிடுகிறது. எருமைக்கோ ஊமைப் பருவம் இயல்பிலேயே அதிகம். எருமை வைத்திருப்பவருக்குக் கடாவுக்கு விடும் வழி மோசமானதென்று நான் சொல்லமாட்டேன். பசுவுக்குத்தான் தயங்குகிறேன். நம் பக்கத்தில் எருது விடும் விழாவுக்கென வளர்க்கப்படும் காளைகள் ஓட்டத்துக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவை. அவற்றின் தாய் எத்தனை லிட்டர் கறந்தது என்பதை எவரும் கேட்பதில்லை. அதைவிடப் பெரிய இடர் நோய். கருச்சிதைவை உண்டாக்கும் டிரைக்கோமோனாஸ், விப்ரியோ தொற்றுகள் இனச்சேர்க்கையின் வழியே ஒரு மாட்டிலிருந்து மற்றொன்றுக்குப் போகும். காளைக்கு வெளியே ஓர் அறிகுறியும் இராது. கருச்சிதைவை உண்டாக்கும் மற்றொரு கிருமியான புருசெல்லா மனிதருக்கும் தொற்றும் என்பதால், பரிசோதிக்கப்படாத ஊர்க்காளையை நான் ஏற்பதில்லை.

ஹார்மோன் சிகிச்சை பருவத்துக்கே வராத மாட்டுக்கு உரியது. ஓவ்சின்க் முறையில் முதல் நாள் ஜி.என்.ஆர்.ஹெச். (கருமுட்டை வெளிவரத் தூண்டும் ஹார்மோன்), ஏழு நாள் கழித்துப் புரோஸ்டாகிளாண்டின் (மாட்டைப் பருவத்துக்குத் திருப்பும் ஹார்மோன்), அதற்கு இரண்டு நாள் கழித்து மறுபடி ஜி.என்.ஆர்.ஹெச். போட்டு, 16 முதல் 20 மணி நேரத்துக்குள் கருவூட்டல் செய்வார்கள். பருவத்தைக் கண்டு பிடிக்க வேண்டிய தேவையே இல்லாமல் நாள் குறித்து ஊசி போடலாம் என்பதே இதன் பலம். கருமுட்டைப்பை முழுதும் உறங்கிக் கிடக்கும் மாட்டுக்குப் புரோஜெஸ்டிரோன் சுரக்கும் சிடர் கருவியை ஏழு நாள் பிறப்புறுப்பினுள் வைத்து எடுக்கும் முறை இதைவிடப் பொருத்தம், செலவும் அதிகம். எச்சரிக்கை ஒன்று உண்டு: புரோஸ்டாகிளாண்டின் சினை மாட்டில் கருவைக் கலைத்துவிடும். ஆகவே கையை விட்டுச் சோதித்துச் சினையில்லை என்று உறுதி செய்யாமல் அதை எவர் போட வந்தாலும் மாட்டைப் பிடித்துக் கொடுக்காதீர்கள்.

விலா எலும்பு எண்ணும்படி மெலிந்த மாட்டுக்கு மேற்சொன்ன ஹார்மோன்கள் பணத்தைக் கரைப்பதோடு நின்றுவிடும். மார்ச் முதல் ஜூன் வரை நம் மாடுகள் வெறும் நெல் வைக்கோலில் வாழ்கின்றன. வைக்கோலில் புரதமும் பாஸ்பரஸும் குறைவு. நாளொன்றுக்கு 50 கிராம் தாது உப்புக் கலவை, கொஞ்சம் பசுந்தீவனம், அறுவடைக் காலத்தில் கடலைக்கொடி என்று கொடுத்தால் இரண்டு மூன்று மாதங்களில் தானாகப் பருவத்துக்கு வரும் மாடுகள் பல. மூலிகை முறையையும் இங்கேயே வைக்கிறேன்: பருவம் தெரிந்த முதல் அல்லது இரண்டாம் நாளில் தொடங்கி, நாளுக்கு ஒரு வெள்ளை முள்ளங்கி என ஐந்து நாள், பிறகு சோற்றுக்கற்றாழை மடல், முருங்கைக்கீரை, பிரண்டை, மஞ்சளோடு கறிவேப்பிலை என ஒவ்வொன்றும் நான்கு நாள், வெல்லமும் உப்பும் சேர்த்துக் கொடுப்பது. செலவு குறைவு, தீங்கு இல்லை. ஆனால் கருப்பையில் சீழ் உள்ள மாட்டுக்கு இதை மட்டும் நம்பிக் காத்திருந்தால் ஒவ்வொரு பருவமாக இருபத்தோரு நாள் போய்க்கொண்டே இருக்கும்.

விற்றுவிடுவது கடைசி வழி. செவ்வாய்க்கிழமை பொய்கை மாட்டுச் சந்தைக்கு ஓட்டுமுன் ஒன்றைச் சோதியுங்கள்: கிடேரியானால், அது காளைக்கன்றோடு இரட்டையாகப் பிறந்ததா? அப்படிப் பிறந்தவற்றில் பத்தில் ஒன்பதுக்கு மேல் பிறவியிலேயே மலடு. எந்த ஊசியும் தீவனமும் அதைச் சினையாக்காது. கன்றாக இருக்கும்போதே மருத்துவரிடம் காட்டியிருந்தால் மூன்று ஆண்டுத் தீவனம் மிஞ்சியிருக்கும்.